யாரும் தேர்ந்தெடுக்காத விடை

செவிலியர் கல்லூரியில் பல்தேர்வு வினா எழுதுவதில், அங்கே பாடம் நடத்தும் மூத்த செவிலியரான சிஸ்டரை விஞ்ச ஆளில்லை. தவறான விடை கேலிக்கூத்தாக இருத்தல் ஆகாது. யாரேனும் ஒருவர் உண்மையாகவே செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும் என்பார். ஒரு வினாவை மட்டும் அவர் மாற்றியதே இல்லை. ஒரு மில்லி மருந்தில் பத்து மில்லிகிராம் இருக்கிறது. குழந்தைக்குத் தேவை ஒரு மில்லிகிராம். ஊசியில் எவ்வளவு எடுப்பீர்கள்? சரியான விடை, மில்லியில் பத்தில் ஒரு பங்கு. நான்காவது விடை, ஒரு மில்லி.

அந்த நான்காவது விடையைத்தான் தேர்வுக்குழுத் தலைவர் நீக்கச் சொன்னார். வெள்ளோட்டத் தேர்வின் நாற்பது தாள்கள் மேசைமேல் கிடந்தன. பெயர் இல்லை, எண் மட்டுமே.

"பத்து மடங்கு மருந்தை எந்தப் பொண்ணு சிஸ்டர் ஏத்தும்? ஒப்புக்குச் சப்பாணியா நிக்குது அது. அஞ்சு வருஷமா ஒருத்தியும் தொடலை."

"பரீட்சையில தொடமாட்டாங்க சார். வார்டுல தொடுவாங்க."

"யாரு தொட்டா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, விட்டுடறேன்."

அந்த ஒரு ஆள் யாரென்று சிஸ்டருக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த விடை போகும். பதினோரு ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லாதது அது. அன்று குழந்தைகள் வார்டில், ஏழாம் கட்டிலின் சிறுமி, "வலிக்குமா அத்தை?" என்று கேட்டுவிட்டுத் தானாகவே கையை நீட்டியிருந்தாள். பிழைப்பது அரிது என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தை; ஆகவே அவள் இறந்தபோது எவரும் துருவவில்லை.

தலைவர் தாள்களைப் புரட்டினார். "அட, ஒண்ணு சிக்கிடுச்சே! இருபத்தொன்பதாம் நம்பர். யாரு இந்த மகராசி?"

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். நேரத்தைக் கணிப்பதற்காக, வினா எழுதியவரும் மாணவியரோடு அமர்ந்து விடை எழுதுவது கல்லூரி வழக்கம். இருபத்தொன்பது அவருடைய எண். சரியான வட்டத்தைக் கறுப்பாக்கியது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. தாளிலோ நான்காவது வட்டம், விளிம்பு தாண்டாமல், அவருக்கே உரிய அழுத்தத்தோடு நிரம்பியிருந்தது.

"நான்தான் சார்."

"விளையாடாதீங்க சிஸ்டர். கேள்வியே உங்களோடது!"

"இது ரெண்டாவது தடவை. முதல் தடவை பேப்பர்ல இல்ல."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கட்டில், தேதி, மருந்து, அளவு என ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நாளைக்கு எனக்குக் குழந்தைங்க வார்டுல டியூட்டி," என்று முடித்தார். "வேற ஆளைப் போடச் சொல்லுங்க. அந்த விடையை மட்டும் எடுத்துடாதீங்க."

தலைவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தார்.