கிழியாத ரவிக்கை

"எந்தக் கையால புடிச்சான்?" என்று வேடியப்பன் மறுபடியும் கேட்டான்.

மருதாயி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். ஜாமீன் கிடைத்து அவள் வீடு வந்த நாளிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சே இல்லை.

"எந்தக் கைன்னு பாத்துக்கிட்டா இருப்பாங்க? தோள்ல கைய வெச்சு இழுத்தான். எத்தன வாட்டிங்க சொல்றது?"

"தோள்லன்னா... முன்னாடியா, பின்னாடியா?"

"ஏனுங்க, செத்துப்போன மனுசனோட கையவே இப்பிடிக் கட்டிக்கிட்டு அழுவறீங்களே. நாளைக்கு என்னயக் கொண்டுபோயி செயில்ல போட்டுட்டா என்ன பண்றதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

வேடியப்பனிடம் இன்னொரு கேள்விதான் இருந்தது. "அதுக்கு முன்னால அவங்கூடச் சிரிச்சுப் பேசினயா?"

மருதாயி உலைமூடியை எடுத்துப் பானைமேல் சத்தம் கேட்க வைத்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னாயி இருமினாள். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் பேருக்குத்தான். ஒரு வீட்டில் பெருமூச்சு விட்டால் அடுத்த வீட்டு விளக்கு அணையும்.

வேடியப்பனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்துப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் செடிகளைக் கழித்துவிடும் கவாத்து வேலை. அப்பன் காலத்திலேயே அரூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. மருதாயிக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. அவனைவிட நிறமாகவும் களையாகவும் ஒரு பெண்டாட்டி வாய்த்துவிட்டாள். கிளிக்கும் காக்கைக்கும் கல்யாணம் என்று லைன்காரர்கள் செய்த கேலி அவன் நெஞ்சில் போய்ச் சந்தேகமாக முளைத்துவிட்டது. சந்தேகம் சிரங்கு மாதிரி. சொறிகிற நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும்.

"மருதாயி கூடையில ஒரு பச்சைக்காய் இருக்காது" என்று காப்பிப்பழம் எடை போடும் எஸ்டேட் ரைட்டர் லாசர் பாராட்டினால், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. தண்ணீருக்குப் போனவள் சற்றுத் தாமதித்தால் வேலியோரம் வந்து எட்டிப் பார்ப்பான். பாட்டைக் கேட்டு அவள் சிரித்துவிட்டால் ரேடியோவின் காதைத் திருகி அணைப்பான். இத்தனைக்கும் மேலாக அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தவன் தங்கராஜ்.

தங்கராஜ் ஏற்காட்டிலிருந்து செம்மநத்தத்துக்கு ஷேர் ஜீப் ஓட்டியவன். சுருட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, ஜீப்பில் டேப் ரெக்கார்டர். "தங்கராசு ஜீப்புல போனாக் கொமட்டவே கொமட்டாது. பூப்போல ஓட்டறான்" என்று மருதாயி பொன்னாயியிடம் எப்போதோ சொன்னது வேடியப்பன் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அந்த ஜீப்பில் கால் வைக்கவில்லை. மழையானாலும் நடந்தே வருவான்.

ஆனால் அன்றைக்குச் சந்தை நாள். ரேஷன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மருதாயியால் நடக்க முடியுமா? நிரம்பி வழிந்த ஜீப்பின் பின்படியில் மூட்டையை அணைத்துக்கொண்டு ஏறி நின்றாள். தங்கராஜ் குடித்திருந்தான். மூட்டையை மேலே போட்டுவிட்டு முன்னால் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னான். மேலே போட்டால் மழையில் நனையும், இங்கேயே நின்றுகொள்கிறேன் என்றாள் இவள். மூட்டைக்கு இடமில்லை, இறங்கு என்றான். வார்த்தை வளர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீப்பில் தினமும் நடக்கிற சண்டைதானே. தங்கராஜ் இறங்கிப் பின்பக்கம் வந்து, மூட்டையைப் பிடுங்குகிற சாக்கில் அதற்குப் பின்னால் கையை விட்டான். மூட்டை மறைத்ததால் அந்தக் கை போன இடம் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ரவிக்கை தோளிலிருந்து மார்வரைக்கும் கிழிந்தது. அவளைக் கீழே இழுத்தான். மருதாயி மூட்டையோடு சேர்த்து அவனை ஒரே தள்ளாகத் தள்ளினாள். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் அவன் பின்னந்தலை மோதியது. சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டில் கலாவதி என்று ஒரு பெண்டாட்டியும், பால்குடி மறக்காத ஒரு பிள்ளையும் அவனுக்கு இருந்தார்கள்.

ஒரு மூட்டை அரிசிக்கு ஒரு உயிர் என்று ஏற்காடு பஜார் முழுக்கப் பேச்சு.

மருதாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தே வீடு வந்து, நடந்ததைப் புருஷனிடம் சொல்லி அழுதாள். அவன் ரவிக்கையைக் கழற்றித் தரச் சொல்லி, அடுப்பில் போட்டு, கரியாகும்வரை நின்று பார்த்தான். பிறத்தியான் கை பட்டுக் கிழிந்த துணியைப் புருஷனே எரித்துவிட வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அந்த லைனில் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். துணி எரிந்துவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலும் மருதாயி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான்.

"என்ற பொண்டாட்டி மேல எவனும் கை வெக்கலீங்க சாமி. மூட்டைச் சண்டைங்க. கோவத்துல தள்ளிப்புட்டா."

ஏட்டு அதை அப்படியே எழுதினார். மருதாயி கைநாட்டு வைத்தாள். மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து வேடியப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெண்டாட்டியைத் தன் வாயாலேயே கொலைகாரி ஆக்கிவிட்டது அவனுக்கு உறைக்கவில்லை.

இலவசமாக வாதாட வந்த வக்கீலின் பெயர் ராஜேஸ்வரி. வக்கீல் பெண்ணாக அமைந்ததில் வேடியப்பனுக்கு ஒரு நிம்மதி. ஆண் வக்கீலாக இருந்திருந்தால் அது வேறு ஒரு தலைவலி.

"இங்க பாருங்க, ஒரு பொம்பளை தன் உடம்பைக் காப்பாத்திக்கத் தள்ளினா சட்டம் அவளைக் கொலைகாரின்னு சொல்லாது. தற்காப்புன்னு சொல்லும். ஆனா அவன் என்ன பண்ணினான்னு கோர்ட்டுக்குத் தெரியணும். மூட்டைக்காகத் தள்ளினாள்னா ஜெயில். அவன் கை வெச்சதுக்காகத் தள்ளினாள்னா வீட்டுக்குப் போகலாம். அந்தக் கிழிஞ்ச ரவிக்கை எங்கே?" என்று ராஜேஸ்வரி கேட்டாள்.

மருதாயி புருஷனைப் பார்த்தாள். புருஷன் மேஜையின் காலைப் பார்த்தான்.

"எரிச்சுப் போட்டனுங்க," என்றான்.

ராஜேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். இப்படி எத்தனை அடுப்புகளைப் பார்த்தவளோ! "சரி, போகட்டும். கிழிஞ்சிருந்தது, வெட்கப்பட்டு எரிச்சேன், போலீஸ்லயும் அதனாலதான் மறைச்சேன்னு நீங்களே கூண்டுல ஏறிச் சொல்லுங்க. ஜீப்புல இருந்தவங்க பார்க்கலை. கிழிஞ்ச ரவிக்கையைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். உங்க வாயிலதான் இவங்க வாழ்க்கை இருக்கு."

"சொல்றனுங்க," என்றான் வேடியப்பன். அப்போது அவன் மனசாரத்தான் சொன்னான்.

கோர்ட்டுக்குப் போகிற அன்று காலை பஸ் மலையிறங்கும்போது மருதாயிக்குக் குமட்டியது. வேடியப்பன் மடியிலிருந்து நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கக் கொடுத்தான். அடிவாரத்தில் இறங்கி டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவள் குடிக்கும்வரை டம்ளரைத் தன் துண்டால் பிடித்துக்கொண்டே நின்றான்.

"பயந்துக்காத புள்ள. நான் சொல்லிப்போடறேன்."

"நெசமாங்களா?"

"ம்."

மருதாயி அவன் முகத்தையே பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்ததுபோல் பார்த்தாள் என்று சொல்லலாம். அந்தப் பார்வைக்காகவாவது அவன் சொல்லியிருக்கலாம்.

கோர்ட்டில் அவளைத்தான் முதலில் கேட்டார்கள். ஒரு கையால் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மருதாயி தெளிவாகவே பேசினாள். "ஒரு உசுரு போச்சுங்க சாமி. அது என்ற கையாலதான் போச்சு. அத நான் இல்லேங்கலீங்க. அந்தக் கலாவதி மூஞ்சிய என்னால ஏறெடுத்துப் பாக்க முடியல. ஆனா சாவட்டும்னு நான் தள்ளலீங்க. மூட்டைக்கும் தள்ளலீங்க. ரவிக்கையக் கிழிச்சு, மார்ல கைய வெச்சுக் கீழ இழுத்தானுங்க. விட்டாப் போதும்னு தள்ளுனேன்."

வாசல் பக்கம் நின்றிருந்த ஜீப் டிரைவர்களில் ஒருவன் பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொல்ல, அவன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். அதை வேடியப்பன் பார்த்துவிட்டான்.

அந்த ஒரு சிரிப்பு போதாதா அவனுக்கு? மார்ல என்று சொல்லிவிட்டாளே! வீட்டில் அத்தனை தடவை கேட்டபோதெல்லாம் தோள்ல, தோள்ல என்றவள், இத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் மார்ல என்கிறாளே! இவர்கள் எல்லாரும் இப்போது மனதுக்குள் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நாளைக்கு ஜீப் ஸ்டாண்டு வழியாக இவள் போகும்போது இவர்கள் பேசுவார்கள். அந்த நிமிஷம் தங்கராஜ் அவனுக்குச் செத்தவனாகவே தெரியவில்லை. சுருட்டை முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்த வாசலிலேயே சாய்ந்து நின்று அவனைப் பார்த்து இளித்தான்.

வேடியப்பனைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"சம்பவத்தன்னைக்கு உங்க மனைவி வீட்டுக்கு வந்தப்ப, அவங்க போட்டிருந்த ரவிக்கை எப்படி இருந்தது?" என்று ராஜேஸ்வரி கேட்டாள்.

அவன் மருதாயியைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கிழிஞ்சிருந்ததா, இல்லையா?"

"கிழியலீங்க. அவ மேல எவன் கையும் படலீங்க. என்ற பொண்டாட்டி அந்த மாதிரி இல்லீங்க."

அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? ஒருத்தன் வந்து கையைப் பிடித்து இழுத்தால், இழுபட்டவளுக்கு ஒரு மாதிரிப் பெயர் வைத்திருக்கிற ஊரில் அதை யார் யாரிடம் கேட்பது! ராஜேஸ்வரி கையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மருதாயி தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீர்ப்பில் நீதிபதியைக் குறை சொல்வதற்கில்லை. தற்காப்பு என்று குற்றவாளி இப்போது சொல்வது போலீஸில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் இல்லை, அவளுடைய சொந்தக் கணவனே அதை மறுக்கிறான் என்றார். பொது இடத்தில் அற்பச் சண்டைக்காக ஓர் உயிரைப் போக்கியதாகச் சொல்லி, ஐந்து வருஷம் கடுங்காவல் விதித்தார். சட்டம் அவளுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. தாலி கட்டியவன் அதைச் சாத்திவிட்டு வந்தான்.

லைனில் வேடியப்பனுக்கு ஒரே மரியாதை. "நொம்ப ரோசக்காரன்யா. செயிலுக்குப் போனாலும் பரவால்லீன்னு பொண்டாட்டி பேரக் காப்பாத்திட்டான்" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். தங்கராஜ் வீட்டாருக்கும் திருப்தி. அவர்கள் பையன் மூட்டைச் சண்டையில் செத்த யோக்கியன் ஆகிவிட்டான் அல்லவா? இரண்டு பக்கமும் ஆண்களின் பெயரில் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் பொன்னாயி மட்டும் வேடியப்பனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டபோதுகூடக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் மெச்சினால் வீடு நிறையுமா? சோறாக்கத் தெரியாமல் புகைந்தான், வெறும் வீட்டில் பேச ஆளில்லாமல் புழுங்கினான். ஆனால் அந்தச் சிரங்கு மட்டும் ஆறவில்லை. செயிலில் யார் யார் இருப்பார்கள், வார்டர்கள் ஆண்களா, சோறு போடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று கவாத்துக் கத்தியை ஓட்டும்போதெல்லாம் யோசனை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் தோட்டத்துக் கமலாப்பழம் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினான்.

சிறை வாசலில் நின்ற காவலரிடம் அவன் முதலில் கேட்டது மருதாயி எப்படி இருக்கிறாள் என்பதல்ல.

"ஏனுங்க சார், உள்ள பொம்பளைங்கள யாருங்க பாத்துக்கறது? ஆம்பள வார்டருங்களா?"

"பொம்பளை ஜெயிலுய்யா இது. உள்ளே எல்லாம் பொம்பளை வார்டர்தான்."

வேடியப்பன் பையைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகக் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து ஒரு பெண் வார்டர் கதவைப் பாதி திறந்து வந்தாள்.

"மருதாயி புருஷன் நீதானா? அந்தம்மா வரமாட்டேங்குது."

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் நல்லா இருக்குது. வேளாவேளைக்குச் சாப்பிடுது, தூங்குது. யாரும் கேள்வி கேக்கறதில்லைன்னு சொல்லுது. உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு."

"சொல்லுங்க."

"'இங்க என் மேல எவன் கையும் படாது, அவரப் பயப்படாமப் போவச் சொல்லுங்க. வெளிய வந்தாலும், இனி அவரு கையும் படாதுன்னு சொல்லிருங்க' அப்படின்னுச்சு."

முதல் பாதியைக் கேட்டதும் வேடியப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போனது. மறைப்பானேன்? இரண்டாவது பாதி அவனுக்குப் புரிவதற்குள் வார்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.