படத்தில் மூன்றாவது ஆள்

நானும் என் கணவரும் ஒரே மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறோம். நான் வேதியியல், அவர் வரலாறு. பன்னிரண்டாம் வகுப்புக்கும் என் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பாடம் நடத்துவது பதினேழு வருடமாக என் காதில் விழுகிறது. நடத்துகிறார் என்பதே அதிகம். நோட்ஸ் சொல்லிப் பொழுதை ஓட்டுகிறார்.

இந்த வருடம் புதுப் புத்தகம். முப்பது வருடத்துக்கு முன் நடந்த மாணவர் போராட்டத்தைக் கடைசிப் பாடமாகச் சேர்த்துவிட்டார்கள். பாதிப் பக்கத்துக்கு ஒரு புகைப்படம்: கைகோத்து நடக்கும் ஐந்து பையன்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் என் கணவர். தலை நிறைய முடி, வாய் நிறைய கோஷம். நாலாவது ஆள் அன்று சாயங்காலமே போலீஸ் சுட்டுச் செத்துப்போனான்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பிள்ளைங்ககிட்ட நீங்களே சொன்னா எப்படி இருக்கும்!" என்றேன்.

"நீ வேறம்மா. பதவி உயர்வு லிஸ்ட் வர்ற நேரம். தலைமையாசிரியருக்கு இதெல்லாம் ஆகாது."

அந்தப் பாடமும் வந்தது. "சில விரும்பத்தகாத நிகழ்வுகள் நடைபெற்றன. எழுதிக்கோங்க," என்ற குரல் தடுப்பைத் தாண்டி வந்தது. நண்பனைச் சுட்டுக் கொன்றதற்கு அவர் வைத்த பெயர் அது.

ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. "சார், நாலாவதா நிக்கிறது எங்க பெரிய மாமா. இதே படம் எங்க வீட்டுல மாட்டியிருக்கு. மூணாவது ஆள் நீங்கதான்னு அம்மா சொன்னாங்க."

நான் குடுவையை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அது யாரோ. அந்த வயசுல எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. இது பரீட்சைக்கு வராது, உக்காரு."

யாரோவாம். அந்த யாரோவைத்தான் நான் அப்பாவோடு மல்லுக்கட்டிக் கல்யாணம் செய்துகொண்டேன்.

மறுநாள் அவர் தலைவலி என்று விடுப்பு எடுத்தார். அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

"மூணாவது ஆள் உங்க சார்தான். நாலாவது ஆளைத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அவர்தான்."

"அப்புறம் ஏன் டீச்சர் இல்லைன்னாரு?" என்றாள் அந்தப் பெண்.

"பயம். வேற ஒண்ணும் இல்ல."

அவள் படத்துக்குக் கீழே மாமாவின் பெயரைப் பேனாவால் எழுதினாள். பின்வரிசைக்காரர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு அவரவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

விஷயம் அன்றைக்கே அவர் காதுக்குப் போய்விட்டது. வீட்டில் நான் செருப்பைக் கழற்றுமுன் கத்தினார்: "என் மானத்தை வாங்கிட்டியே!"

"இருந்தாத்தானே வாங்கறதுக்கு," என்றேன்.

அடுத்த வாரம் தலைமையாசிரியரிடம் கெஞ்சி ஆறாம் வகுப்புக்கு மாறிக்கொண்டார். அங்கே கற்காலம். செத்தவர்களின் தங்கை மகள் என்று யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். மாடிப்படியில் இறங்கும்போது என் காதில் விழுந்தது. ஆதிமனிதன் புலியை எதிர்த்து நின்றதை அவர் தொண்டை கிழிய வர்ணித்துக்கொண்டிருந்தார்.

பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. ஆசிரியர் அறை முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்கும் வந்து டப்பாவை நீட்டினார்.

"கையெல்லாம் அமிலம்," என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன். அவர் போகும்வரை கழுவிக்கொண்டே இருந்தேன்.