ஸ்டியரிங் மேல் ஒரு விரல்

"கூப்பிடட்டுமா?" என்றான் டெல்மர்.

"இரு. கண்ணாடிய இன்னொரு தடவ துடைச்சிடறேன்."

"காலையிலேருந்து அதத்தான் துடைக்கிற, மார்லி. இன்னும் கொஞ்சம் துடைச்சா ஓட்டை விழுந்துடும்."

மார்லிஸ் கையிலிருந்த துணியைத் தம்பியின் முகத்தில் விட்டெறிந்தாள். அவன் வாய் எப்போதும் எட்டு சிலிண்டரில் ஓடும். இன்று அதையும் மீறி அவள் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஷெட்டின் நடுவே அந்த வண்டி நின்றது. நாற்பத்தொன்பதாம் வருடத்து ஷெவர்லே பிக்கப். மங்கிய பச்சை. பலூன் ஊதும் குழந்தையின் கன்னம்போல உப்பிய மட்கார்டுகள். இடுப்புக்கு மேலே பழைய ஆள், கீழே ஆளே வேறு. நெடுஞ்சாலையில் மான்மீது மோதி, உருண்டு, கூரை நசுங்கிப் போன ஒரு புது ஃபோர்-வீல்-டிரைவின் சேஸி அது. இன்ஷூரன்ஸ்காரர்கள் 'தேறாது' என்று கைகழுவிய வண்டி. தேறாதது மேல்பாகம்தான். இன்ஜின், ஆட்டோமேடிக் கியர், நான்கு சக்கரத்தையும் இழுக்கும் அச்சு எல்லாம் பளபளவென்று இருந்தன.

வசந்தத்தில் ஆரம்பித்தார்கள். பழைய கேபினைத் தூக்கும்போது கோணிவிடக் கூடாது என்று கதவு இடைவெளிகளில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்தார்கள். சேஸியை நடுவில் வெட்டி, நீளம் குறைத்து ஒட்டினார்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடிய ஃபுட்போர்டுகளை டெல்மர் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் இரும்புக் குப்பையில் வீசினான். "இதெல்லாம் சர்ச்சுக்குப் போற கிழவிங்க வண்டில இருக்கறது. ஃபோர்-வீல்-டிரைவுக்கு எதுக்கு?" என்றான். மார்லிஸும் சிரித்தாள்.

இத்தனை பாடும் அழகு பார்க்க அல்ல.

போன வருட அறுவடையில், கோதுமையைக் குதிருக்கு ஏற்றும் திருகுக் குழாய் அவள் கணவன் ஆர்விட்டின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. கிளட்ச் மிதிக்கிற கால். செயற்கைக் கால் வந்தது, நடந்தான். ஜனவரியில் ஒரு நாள் வைக்கோல் ஏற்றிக்கொண்டு இதே பிக்கப்பை ஓட்டவும் செய்தான். கிளட்ச் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிளாஸ்டிக் பாதத்துக்குத் தெரியவில்லை. வண்டி துள்ளிப் பாய்ந்து மாடுகளின் தண்ணீர்த் தொட்டியில் மோதியது. பழைய சேஸி வில்லாக வளைந்தது. ஆர்விட் இன்ஜினை அணைத்தான். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினான். அதற்கப்புறம் எந்தச் சாவியையும் அவன் தொடவில்லை.

மொன்டானாவின் அந்த ஜல்லிச் சாலைகளில் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள். உறவுக்காரன், ஊர் பேர் தெரியாதவன், வேலிச் சண்டையில் மூன்று வருடம் பேசாதவன், எல்லோருக்கும் அதே ஒரு விரல். ஆனால் அது ஸ்டியரிங் பிடித்தவனின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் விரல் தூக்குவதில்லை. பத்து மாதமாக ஆர்விட் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். எதிரே வண்டி வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

பனிக்காலம் வந்தால் தினமும் விடிகாலையில் மாடுகளுக்கு யாராவது வைக்கோல் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். போன குளிர்காலத்தின் மிச்சத்தை டெல்மர் சமாளித்தான். அவனுக்கும் சொந்தமாக மாடுகள் இருக்கின்றன.

"வண்டி ஓட்ட முடியாதவனுக்கு மாடு எதுக்கு?" என்று ஆர்விட் வியாபாரி ராய்ஸுக்கு ஃபோன் செய்துவிட்டான். திங்கட்கிழமை காலை லாரி வரும். மொத்த மந்தையும் போய்விடும். அப்புறம் அந்த வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து அவன் எதைப் பார்ப்பான் என்று மார்லிஸால் யோசிக்கக்கூட முடியவில்லை.

ஷெட்டில் நடப்பது அவனுக்குத் தெரியும். "செத்த ஆளுக்குப் புது பூட்ஸ் தைக்கிறீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். முற்றத்தைத் தாண்டி எட்டிப் பார்த்ததில்லை.

இன்று வந்தான். அவள் கூப்பிட்டதற்காக வந்தான்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"பச்சை அதே பச்சை" என்றான்.

"பெயிண்ட் அடிக்கலடா. மெழுகு போட்டுத் தேச்சது" என்றான் டெல்மர். "நீ கேட்ல உரசின கோடுகூட அப்படியே இருக்கு பாரு."

"அது நீ உரசினது."

"நானா?" டெல்மர் தலையைச் சொறிந்தான். "சரி, அப்பவே நல்லா உரசியிருக்கேன்."

ஆர்விட்டின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. கதவின் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, அப்புறம் இழுத்தான். அந்தக் கதவு அப்படித்தான் திறக்கும். குனிந்து உள்ளே பார்த்தான்.

இரண்டே பெடல். கிளட்ச் இல்லை.

அவன் பார்வை அங்கேயே நின்றது.

ஆர்விட் ஸ்டியரிங்கைப் பிடித்தான். வலது காலைத் தூக்கினான். கேபினின் தரை கிட்டத்தட்ட அவன் இடுப்பு உயரத்தில் இருந்தது. கால் எட்டவில்லை. கையால் உடம்பை இழுத்து எம்பினான். உந்தித் தள்ள வேண்டிய இடது கால், தரையில் வழுக்கியது. மறுநொடி அவன் மல்லாந்து கிடந்தான்.

"ஆர்விட்!"

"ஒண்ணும் இல்ல. தொடாத."

அவனாகவே எழுந்தான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். டெல்மருக்கு சும்மா இருக்க வருமா? மூலையிலிருந்து ஒரு பால் கிரேட்டை எடுத்துவந்து கதவடியில் கவிழ்த்தான்.

"இதுல ஒரு கால வெச்சு ஏறிடு, ஆர்வி. சுலபம்."

ஆர்விட் அந்தக் கிரேட்டைப் பார்த்தான்.

"வண்டி நிக்கிற இடத்துல எல்லாம் இத எறக்கி வெச்சு ஏறணுமா? ஏறினதுக்கப்புறம் யாரு எடுத்து உள்ள போடுவா? மாடா?" குரல் உயரவே இல்லை. "வேணும்னா ஊரையே கூப்பிடு. டிக்கெட் போட்டுக் காட்டலாம்."

திரும்பி வீட்டுக்கு நடந்தான். ஒரு கால் சத்தமாகவும் ஒரு கால் மெதுவாகவும் ஜல்லியில் பதிந்தன.

டெல்மர் கிரேட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"எதுக்குடா இவ்ளோ உயரம் வெச்ச?" என்றாள் மார்லிஸ்.

"ஃபோர்-வீல்-டிரைவ்னா நிமிந்து நிக்க வேணாமா? பெரிய டயர் போட்டோம். மட்கார்டுல இடிச்சுது. பாடியத் தூக்கினேன். நீயும்தான சூப்பர்னு சொன்ன?"

சொன்னாள்தான். அந்த வட்டாரத்தில் குட்டையான ஃபோர்-வீல்-டிரைவை யாரும் மதிப்பதில்லை. உயரம் ஏற ஏற ஆம்பிளை வண்டி. அது சரியா என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கும்தான்.

"உள்ள போனப்புறம் அவன் என்ன பண்ணுவான்னு ஆறு மாசம் யோசிச்சோம்" என்றாள். "உள்ள எப்படிப் போவான்னு யோசிக்கல. ரெண்டு காலு இருக்கறவங்க மாதிரியே யோசிச்சிருக்கோம்."

டெல்மரின் எட்டு சிலிண்டரும் அணைந்து போயின. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சனிக்கிழமை வாலிபால் டீமைப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் கொண்டுபோய்த் திரும்பினாள் மார்லிஸ். முற்றத்தில் காரை நிறுத்தும்போதே கேட்டது. கிரைண்டர் சத்தம்.

டெல்மரின் வண்டியைக் காணோம்.

ஓடினாள். ஷெட் வாசலில் நின்றுவிட்டாள். ஆர்விட் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். மடிக்குக் குறுக்கே, குப்பையிலிருந்து இழுத்துவந்த ஒரு ஃபுட்போர்டு. துரு பொறி பொறியாகப் பறந்தது.

அவளைப் பார்த்ததும் கிரைண்டரை அணைத்தான்.

"இத யாரு தூக்கிப் போட்டது?"

"டெல்மர்... நானும்தான்."

"அறிவாளிங்க." அவன் இன்னொரு கையால் கறுப்பாக எதையோ உயர்த்திக் காட்டினான். உள்ளங்கை அகலத்தில், மிஞ்சிக் கிடந்த ஒரு ரப்பர் வட்டு. "சேஸிக்கும் பாடிக்கும் நடுவுல இது என்ன?"

"ஐஸ் ஹாக்கி வட்டு. பாடி ஆடாம இருக்கணும்னு டெல்மர் வெச்சான். ஸ்கூல் டீம்ல விளையாடினானே, அந்தக் காலத்துது."

"ஒரு இடத்துக்கு ஒண்ணு வெச்சா நியாயம். நாலு நாலா அடுக்கியிருக்கான். அவன் அடிச்ச கோலுக்குக்கூட இவ்ளோ வட்டு செலவாகியிருக்காது."

மார்லிஸ் சிரிக்கப் போனாள். அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

"காபி வேணுமா?"

"வேணும். அப்படியே அவனையும் வரச்சொல்லு. ஜாக்கி புடிக்க ஆள் வேணும்."

டெல்மர் வந்தான். ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று வட்டுகளை உருவச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு உருவினான். பெரிய டயர்களைக் கழற்றச் சொன்னபோது தாங்க முடியவில்லை.

"ஆர்வி, அந்த டயர் இல்லேன்னா இது வாத்து மாதிரி இருக்கும்டா!"

"வாத்து பனியில நல்லா நடக்கும். கழட்டு."

ஞாயிறு முழுவதும் மூன்று பேரும் ஷெட்டில் கிடந்தார்கள். ஃபுட்போர்டைப் பழையபடி பாடியில் மாட்ட ஆர்விட் ஒப்பவில்லை. சேஸியிலிருந்து இரும்புக் கைகளை வெல்டிங் செய்து, பழைய இடத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டான். இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கிற அகலம். வழுக்காமலிருக்க மேலே வரிவரியாக வெல்டிங் பொட்டுகள். பக்கத்தில் உட்காருகிறவர் ஏறும் வலப்பக்கமும் அதே மாதிரி ஒன்று.

"அந்தப் பக்கம் எதுக்குடா? நீ இந்தப் பக்கம்தான ஏறுவ?" என்றான் டெல்மர்.

"இது எனக்காக வெச்சது இல்ல" என்றான் ஆர்விட் நிமிராமல். "நாப்பத்தொம்பதுல கம்பெனிக்காரன் எல்லாருக்கும்தான் வெச்சான். ரெண்டு பக்கமும் வெச்சான்."

பொழுது சாயும்போது கறுப்புப் பெயிண்ட் அடித்து முடித்தார்கள்.

"ஏறிப் பாரேன்" என்றாள் மார்லிஸ்.

"பெயிண்ட் காயணும்."

"ராய்ஸுக்கு நான் ஃபோன் பண்ணட்டுமா?"

ஆர்விட் பிரஷ்ஷை டர்பென்டைனில் அலசினான். ரொம்ப நிதானமாக அலசினான்.

"என் மாடு. நான் பேசிக்கறேன்."

பேசினானா? அவள் பார்த்தவரை இல்லை. சாப்பிட்டான். தூங்கினான். ஆணியில் சாவி அப்படியே தொங்கியது.

திங்கட்கிழமை அவள் எழுந்தபோது வெளியே எல்லாம் வெளுத்திருந்தது. வருடத்தின் முதல் பனி. இருட்டோடு கிளம்பிப் பள்ளிக்கூட பஸ்ஸை எடுத்தாள். ஒவ்வொரு கேட்டிலும் நின்று பிள்ளைகளை ஏற்றினாள். குட்மார்னிங் சொன்னாள். கைதான் ஓட்டியது, மனசு ஓட்டவில்லை.

பாதிப் பிள்ளைகள் ஏறியபோது விடிந்துவிட்டது. அவர்கள் பண்ணைக்குப் பிரியும் சாலைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். எதிரே, பனிப்பொடியைக் கிளப்பிக்கொண்டு, மாட்டு லாரி.

ராய்ஸின் லாரி. அவள் பண்ணையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மார்லிஸின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. இவ்வளவு சீக்கிரமாகவா? ஏற்றியாகிவிட்டதா? லாரி நெருங்கியது. அதன் பக்கவாட்டில் வரிசை வரிசையாகக் காற்றுத் துளைகள். மாடு இருந்தால் அங்கே கறுப்பாக முதுகு தெரியும், மூக்கு தெரியும், ஆவி தெரியும்.

துளைகளின் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. துளைக்குத் துளை, வெறும் காலை வெளிச்சம்.

லாரி காலி.

ராய்ஸ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். அவளுக்குப் பதிலுக்கு உயர்த்தக்கூடத் தோன்றவில்லை. ஏனென்றால் லாரி கிளப்பிய பனித்தூளுக்குப் பின்னாலிருந்து, கன்னம் உப்பிய ஒரு பச்சை முகம் வந்துகொண்டிருந்தது.

வாத்துதான். டெல்மர் சொன்னது சரி. குட்டையாக, அகலமாக, பனியில் நான்கு காலும் ஊன்றி, முதுகு நிறைய வைக்கோல் கட்டுகளோடு தெற்கு மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபுட்போர்டில் படிந்த பனியில் ஒரு பூட்ஸ் தடம் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி.

ஆர்விட் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்தான். பஸ்ஸில் இருப்பது மனைவி என்பதற்காகத் தலையசைக்கவில்லை, சிரிக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கின் உச்சியிலிருந்து ஒரே ஒரு விரல் எழுந்தது. அந்தச் சாலையில் வருகிற எவனுக்கும் எழுகிற அதே விரல்.

மார்லிஸ் ஒரு விரலை உயர்த்தினாள்.

"யாரு அது?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"யாரோ மாட்டுக்காரர்" என்றாள் மார்லிஸ். அடுத்த கேட்டில் நிறுத்த மறந்து தாண்டிப் போய், பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தாள்.