கவிழ்த்த பரிசல்

மேட்டூரில் அணை கட்டப்போகிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுதான், ஆற்றைக் கேட்பார் யாரும் இல்லை. கோடையானால் சங்ககிரிக்கு மேற்கே காவிரி கரையோரமாக ஒடுங்கிப்போய், நடுவில் மணலும் பாறையும் நாணலுமாக ஒரு பெரிய திட்டு வெளியே வரும். ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தே அக்கரை போகும்போது பரிசல்காரனை யார் தேடப்போகிறார்கள்? அதனால் பரிசல் ஓட்டும் கருப்பண்ணன், பெண்டாட்டி ஆராயியையும் நாலு வயது மகள் அங்காயியையும் கூட்டிக்கொண்டு வருஷா வருஷம் அந்தத் திட்டில் குடிசை போட்டுவிடுவான். மணலில் குழி பறித்து, எரு இட்டு, வெள்ளரிக்கொடி படரவிடுவார்கள்.

ஆராயிக்கு அந்த வாழ்க்கை ரொம்பப் பிடிக்கும். ஊருக்குள் இருந்தால் நாலு பேர் வாய்க்குப் பதில் சொல்லவேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. காலையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடம் நிரப்புவாள். பாறைக் குழிகளில் சிக்கிக்கொண்ட கெண்டைகளை முந்தானையை விரித்துப் பிடிப்பாள். மடுவோரம் நீர்நாய்க் குடும்பம் ஒன்று விளையாடும். அதற்கு அப்பால் கறுப்புப் பாறையில் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி வெயில் காயும். அங்காயி அதற்கு மாமன் என்று பேர் வைத்திருந்தாள். மாமன் இருக்கும் பக்கம் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த கட்டுப்பாடு.

பரிசலைக் குடிசைக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து, தோலுக்குக் காற்றுப் படட்டும் என்று ஒரு பக்கம் கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். உச்சி வெயிலில் குழந்தை அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். படுக்கலாம், உட்காரலாம், நிமிர்த்த மட்டும் கூடாது. கோடைக்குக் கவிழ்த்த பரிசலைப் புதுத்தண்ணீர் வந்த பிறகு, வீட்டுக்கு மூத்தவன் செஞ்சேவல் அறுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் நிமிர்த்தவேண்டும். அது அவர்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் கட்டு. கருப்பண்ணனின் அப்பன் ஒரு வருஷம் அவசரப்பட்டுப் பூசைக்கு முன்னால் நிமிர்த்தினான். நடு ஆற்றில் பரிசலோடு போய்ச் சேர்ந்தான். பரிசல் தோலை அதற்கு முன்பே நாய் கடித்துக் குதறியிருந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் நாயைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வரவில்லை. காவிரி ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று சொல்வதில் ஒரு மரியாதை இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் காலை ஆராயி ஊற்றுக்குப் போனாள். முந்தின நாள் வரை கண்ணாடியாக இருந்த ஊற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆனாலும் மேற்கேயிருந்து வந்த காற்றில் மழை மண் வாசம் அடித்தது. மடுவில் நீர்நாய்களைக் காணோம். கறுப்புப் பாறையும் காலியாக இருந்தது. முதலையின் வயிறு இழுத்த தடம் மணலில் ஏறி, அவர்கள் வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே போயிருந்தது. ஆராயி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, ஆத்துல நொரை வருதுங்க. மேக்க எங்கியோ பேஞ்சிருக்குது. பரிசல நிமித்துங்க, கரைக்குப் போயிரலாம்."

கருப்பண்ணன் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தான். செம்மண் நிறம் தட்டியிருந்தது. "புதுத்தண்ணியேதான்," என்றான். அவன் முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. "நான் போயி அண்ணனையும் சேவலையும் கூட்டிக்கிட்டு வாரேன். பூசையப் போட்டுப்புட்டு ஒண்ணாப் போயிரலாம்."

"பூசையக் கரையில போய்ப் போடலாமுங்க. இல்லீன்னா புள்ளையத் தூக்குங்க, இப்பவே நடந்திரலாம். முழங்கால் தண்ணிதான?"

"பரிசல ஆத்துக்கு உட்டுப்புட்டா வருசம் பூராத் திங்கறதுக்கு என்ன பண்ணறது? நீ இங்கயே பாத்துக்கிட்டு இரு. வெரசா வந்தர்றேன்."

"அப்ப நிமித்துங்க!"

"எங்கப்பன் போன வழியில உன்னையும் புள்ளையவும் அனுப்பச் சொல்றியா?" என்று கத்தினான். பிறகு குரல் தணிந்து, "அதத் தொட்டறாத சாமி. நான் வர்ற வரைக்கும் தொட்டறாத," என்றான்.

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினான். பாதி ஆற்றில் தண்ணீர் அவன் தொடையைத் தொட்டது. கரை ஏறித் திரும்பிக் கை காட்டியபோது, அவன் இறங்கிப் போன மணல் தடம் இந்தப் பக்கம் மறைந்துபோயிருந்தது.

ஆராயி காத்திருந்தாள். சட்டி பானைகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஊற்று இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடியது. வெள்ளரிக்கொடிகள் வேரோடு கிளம்பி மிதந்தன. எங்கிருந்தோ ஒரு சாரைப்பாம்பு நீந்தி வந்து குடிசைக் கூரைமேல் ஏறிக்கொண்டது. அதை விரட்ட அவளுக்குத் தோன்றவில்லை. அதுவும் பிழைக்கத்தானே வந்திருக்கிறது. தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது, நெல் குத்தும் சத்தம் மாதிரி விடாமல்.

தண்ணீர் குடிசைக்குள் நுழைந்ததும் பரிசலின் விளிம்பில் கை வைத்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள். ஆத்தாவுக்கு அவளும் பயந்தவள்தான். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படி இருப்பாள்? அங்காயி அவள் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மாமன் வருதும்மா," என்றாள். நாணலுக்குள் ஏதோ அசைந்தது. அது முதலையோ, வெறும் தண்ணீரோ, ஆராயி நின்று பார்க்கவில்லை. "ஆத்தா, என்னைய என்ன வேண்ணாலும் பண்ணிக்க, எம்புள்ளைய உட்ரு," என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, குடிசைக்கு நட்டிருந்த மூங்கிலைப் பிடுங்கி விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பரிசல் புரண்டு நிமிர்ந்தது. குழந்தையைத் தூக்கி உள்ளே போட்டாள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். அக்கரையில் அண்ணன் செங்கோட்டையன் துண்டை வீசி வீசிக் கூப்பிட, கருப்பண்ணன் காது கொடுக்காமல் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தான். சேவல் இல்லை. கையில் மஞ்சள் கரைத்த செம்பு மட்டும் இருந்தது. பரிசல் நிமிர்ந்ததை அவன் பார்த்துவிட்டான். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் வாய் அசைந்தது தெரிந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

ஆராயி துடுப்புப் போட்டாள். பரிசல்காரன் பெண்டாட்டிக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாமல் இருக்குமா? பரிசல் சுழன்று சுழன்று அவன் பக்கமாகவே போனது. நெஞ்சுத் தண்ணீரில் அவன் ஒரு பாறையில் கால் ஊன்றி நின்றிருந்தான். செம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். கிட்டத்தில் வந்ததும் அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் துடுப்பை நீட்டினாள். அது அவன் மார்புக்கு நேராகவே போனது.

"புடிங்க! புடிச்சுக்கங்க!"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். பிறகு துடுப்பைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் செம்பைச் சாய்த்துப் பரிசலின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான். ஒரு சொட்டு ஆற்றில் சிந்தாமல், பார்த்துப் பார்த்து ஊற்றினான். அவன் முகம் தெளிந்தது. அப்புறம்தான் கையை நீட்டினான். அதற்குள் வேரோடு வந்த மரம் ஒன்று அவனுக்கும் பரிசலுக்கும் நடுவே புகுந்துவிட்டது.

அந்த மரம் போன பிறகு அங்கே பாறை இருந்தது, அவன் இல்லை. ஆராயி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டினவன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

வெகு தூரம் கீழே, ஆறு திரும்பும் இடத்தில் பரிசல் கரை தட்டியது. வயல்காட்டு ஆட்கள் தாயையும் பிள்ளையையும் இறக்கிவிட்டார்கள். மறுநாள் வெள்ளம் வடிந்தபோது கருப்பண்ணனை ஒரு நாணல் புதரிலிருந்து எடுத்து வந்தார்கள்.

பாடை எடுப்பதற்கு முன்னால் செங்கோட்டையன் நடுவாசலில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார். "எந்தம்பி உசுரக் குடுத்துப் பூசையப் போட்டுப்புட்டான். அவன் மஞ்சத்தண்ணி ஊத்துனதுனாலதான் தாயும் புள்ளையும் பொழச்சு வந்தாங்க. இல்லீன்னா பரிசலு தாங்கியிருக்குமா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பெண்கள் கருப்பண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். யாரோ ஒருத்தி ஆராயியைப் பார்த்து, "நீ புண்ணியம் பண்ணுனவ அம்மிணி," என்றாள்.

ஆராயி தலையைத் தூக்கினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நான் துடுப்ப நீட்டுனனுங்க," என்றாள். "அவருக்குக் கை ஒழியலீங்க."