குடம் போட்ட டப்பா

சென்னையில் நான் போட்ட சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் அது எனக்கே திரும்பி வந்தது.

அது செய்திப் படம் எடுக்கிற ஒரு பழைய நிறுவனம். அறுபதுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். 1967இல் திருச்சியில் ஒரு கல்லூரி விழாவில் எங்கள் அண்ணன் அந்தோணிசாமி பாடியதைப் படம் பிடித்தது அவர்கள்தான். அண்ணனுக்கு அப்போது இருபது வயது, எனக்கு ஆறு. குழுவின் பெயர் தி ரெட் ஆக்சைட்ஸ். பாலக்கரையில் அவர்கள் பயிற்சி செய்த வீட்டில் ரெட் ஆக்சைடு தரை. நாலு பேர் மூளையைக் கசக்கியும் அதைவிட நல்ல பெயர் தோன்றவில்லை. இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ், கண்ணை மறைக்கும் முடி, அண்ணனே எழுதிய இங்கிலீஷ் பாட்டு. சத்தத்தோடு நாலு நிமிடப் படம், ஒரே ஒரு பிரதி. இசைத்தட்டு எதுவும் வரவில்லை.

"பழைய பிலிம் எல்லாம் எப்பவோ கழிச்சாச்சு சார்" என்றார் அந்த அலுவலகக் குமாஸ்தா.

"ஓட்டிப் பாத்துட்டுத்தானே கழிச்சீங்க?"

"யாரு சார் ஓட்டிப் பாப்பாங்க? டப்பா மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் கணக்கு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தார். ஒரு மனிதனின் குரலை ஓட்டிப் பார்க்காமலேயே குப்பையில் போடுவதற்கு உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். காவலாளி வந்து கையைப் பிடித்துத்தான் வெளியே கொண்டுவந்து விட்டார். அப்போதும் நான் நியாயம் பேசிக்கொண்டேதான் வந்தேன்.

பதினோரு வருடங்களாக நான் தேடியது வீம்புக்காகத்தான். என் அண்ணன் அந்தக் காலத்திலேயே கிடார் வைத்துப் பாடியவர் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை. இந்தச் சித்திரையில் எல்லாம் மாறிவிட்டது. அண்ணனுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் காகிதம் கேட்டு எழுதினார்: "நான் பாடினத ஒரு தடவை கேக்கணும் பீட்டர்."

அவர் பேசிய குரல் செல்போனில் எத்தனையோ கிடக்கிறது. அது வேண்டாமாம். அப்பா கிடாரை உடைத்து அவரை ரயில்வே வேலையில் சேர்த்த நாளிலிருந்து அண்ணன் கோயிலில்கூட வாய் திறந்து பாடியதில்லை. பாடிய அண்ணன் அந்த நாலு நிமிடத்தில் மட்டும்தான் இருந்தார்.

வீடு திரும்பியபின் அவருக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்வார். கழுத்தில் இருக்கும் துளையை யாரும் பார்க்கக் கூடாது என்பதால் வீடியோ கிடையாது. நான் பேசுவேன், அவர் நகத்தால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "இன்னைக்குக் கஞ்சி இறங்குச்சா?" தட். "வலி இருக்கா?" தட் தட். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

போன மாதம்தான் வளர்மதி கிடைத்தாள். அந்த நிறுவனத்தில் எடுபிடியாக இருந்து, பிறகு சுகாதாரத் துறையில் சினிமா ஆபரேட்டரான குழந்தைசாமியின் மகள். அப்பா இறந்து இருபது வருடமாகிறதாம். "கம்பெனியில கழிச்சுப் போட்டப்ப அந்தப் படத்த அப்பாதான் எடுத்து வெச்சுக்கிட்டாரு. கொல்லிமலையில வேலை பாத்தப்ப, கூட்டம் சேர்க்க அதைத்தான் முதல்ல போடுவாராம். அவசரமா மாத்தல் வந்ததுல எடுக்காம வந்துட்டேன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு" என்றாள்.

நான் சிரித்தேன். குழந்தைசாமிக்கு மாற்றல் வந்த அடுத்த வருடம், 1986இல், அதே கொல்லிமலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்த ஆபரேட்டர் நான்தான். கூட்டம் சேர்க்கிற கஷ்டம் எனக்குத் தெரியும்; நான் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போனால் ஆடுகூட எட்டிப் பார்க்காது. என் ஸ்டோரில் இருந்தவை நாற்பத்து மூன்று டப்பாக்கள், எல்லாம் துறையின் படங்கள். மலேரியா, குடும்பக் கட்டுப்பாடு, குடிநீர். ஆகவே அந்தப் படம் யாராவது ஒருவர் வீட்டில்தான் இருக்கும். அண்ணனிடம் அப்படியே சொன்னேன். "வியாழக்கிழமை நீங்க போன் பண்றப்ப படம் என் கையில இருக்கும். இது சத்தியம்ண்ணே."

ஒரு தட்டு விழுந்தது. பலமாக.

வியாழக்கிழமை கொல்லிமலையின் எழுபது வளைவுகளும் ஏறி, மலைமேல் செம்மேட்டில் காலை ஒன்பது மணிக்கு இறங்கினேன். டீக்கடையில் கேட்டதுமே ஒருவர் சொல்லிவிட்டார். "முடிய ஆட்டிக்கிட்டுப் பாடுவானுங்களே, அந்தப் படமுங்களா? திண்ணனூர் நாட்டுல அத்தாயி ஊட்டுல கேளுங்க. அவங்கப்பந்தான் ஆபரேட்டருக்குப் பொட்டி தூக்குனவரு." மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி.

அத்தாயிக்கு அறுபது வயதிருக்கும். வாசலில் தார்ப்பாயை விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க பீட்டர் சாருங்களா?"

முப்பத்தேழு வருடம் கழித்தும் ஞாபகம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உட்கார்ந்து, மோர் குடித்து, விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் படத்த மறக்க முடியுமுங்களா? முப்பது தடவையாச்சும் பாத்திருப்போமுங்க" என்றாள். "ஆனா அது யாரு ஊட்டுலயும் இல்லீங்களே. ஆபீஸ்லதான இருந்துச்சு."

"ஆபீஸ்ல இல்லம்மா. என் ரிஜிஸ்டர்லயே இல்ல."

"ரிஜிஸ்டருல எப்படிங்க இருக்கும்? சர்க்காருக்குச் சொந்தமில்லாத படத்த ஓட்டுறான்னு மேல தெரிஞ்சா வம்புன்னு, குழந்தைசாமி சாரு அத வேற டப்பாவுல போட்டு வெச்சிருப்பாருங்க. மூடி மேல குடம் வரஞ்சிருக்கும். குடிதண்ணிப் படம் முந்தியே அறுந்து வீணாப் போச்சு, அந்த டப்பா சும்மாதான கெடந்துச்சுங்க."

குடம் போட்ட டப்பா. பச்சை மூடி, வெள்ளைக் குடம், மேலே ஒரு குழாய். அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

1988இல் டிவியும் வீடியோ பெட்டியும் வந்தன. பழைய படச்சுருள்களைக் கழிக்கச் சொல்லி உத்தரவு. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும். புரொஜெக்டர் பல்பு எரிந்துபோயிருந்தது. நாமக்கல்லிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். மறுநாள் பெரிய வெள்ளி, நான் ஊருக்குப் போக வேண்டும். டப்பாக்களின் மூடியை வரிசையாகப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலேயே நாற்பத்து மூன்று முறை எழுதினேன்: "ஓட்டிப் பார்த்தேன். பயனற்றது." கடைசியில் கையெழுத்து. கை வலித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

"அப்புறம் அந்தப் பிலிமெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். பதில் எனக்கே தெரியும்.

"நீங்கதானுங்களே சார் குடுத்தீங்க. சாமைக் காட்டுல குருவி அடிக்குதுன்னு எங்கப்பன் வந்து கேட்டாரு. எடுத்துக்கோன்னு அள்ளிக் குடுத்தீங்க. காட்டச் சுத்திக் கம்பு நட்டு இழுத்துக் கட்டுனமுங்க. காத்துல விர்ருன்னு சத்தம் போடும், ஒரு குருவி அண்டாது. அந்த வருசம் எங்களுக்குச் சாமை மிஞ்சுனதே உங்களாலதானுங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கட்டுறப்ப பாக்கலையா? அதுல அந்தப் பசங்க இருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. வெயிலுக்குக் காட்டிப் பாத்தா குட்டி குட்டியா நின்னாங்க. சார்கிட்டச் சொல்லுவோமான்னு நாங்கூடக் கேட்டேன். ஆபீசரு தெரியாமயா குடுப்பாரு, பேசாம கட்டுன்னுட்டாரு எங்கப்பன்." அவள் மிளகைக் கிளறினாள். "ரெண்டு மழையில எல்லாம் வெளுத்துப்போச்சுங்க. அப்பறம் காட்டுக்குத் தீ வெச்சப்ப அதும் எரிஞ்சுபோச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. என்மேல் எனக்கு அருவருப்புதான் வந்தது. சென்னைக் குமாஸ்தாவாவது உண்மையைச் சொன்னார். நான் ஓட்டிப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன்.

அப்போது போன் அடித்தது. பதினொரு மணி.

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? குழந்தைசாமி இல்லை, அத்தாயி திருச்சிக்கு வரப்போவதில்லை. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் போனை எடுத்தேன்.

"அண்ணே, மலையில இருக்கேன். உங்க படத்தப் பாத்தவங்க ஊட்டுல... வீட்டுல இருக்கேன்."

தட்.

"பாட்டுக்காரருங்களா?" அத்தாயி எழுந்தே விட்டாள். "சாமி, அந்தப் பாட்டு எங்களுக்கு இன்னும் பாடமுங்க. சின்னப் புள்ளைல மாடு மேய்க்கறப்பல்லாம் அதான் பாடுவோம். அர்த்தம் தெரியாதுங்க, தப்பாத்தான் வரும்." ஸ்பீக்கரில் போடச் சொல்லி, என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அவள் பாடியது எந்தப் பாஷையும் இல்லை. ஆனால் மெட்டு அதேதான். ஆறு வயதில் அந்தச் சிவப்புத் தரையில் உட்கார்ந்து கேட்டவன் நான், எனக்குத் தெரியாதா? இரண்டாவது வரியில் அண்ணன் ஒரு இடத்தில் மூச்சை இழுப்பார். அத்தாயி அந்த மூச்சையும் சேர்த்து இழுத்தாள். போனிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. டிரம்ஸ் விழ வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் விழுந்தது. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு திரையில் ஒரு செய்தி வந்தது. "இவ்வளவு நல்லா இருந்திருக்கே. படத்தக் கையில வாங்கிட்டியா?"

போனை வாங்கிக்கொண்டு மிளகுக்கொடிப் பக்கம் நடந்தேன். அங்கே சொன்னேன். பல்பு, பெரிய வெள்ளி, குடம் போட்ட டப்பா, நாற்பத்து மூன்று வரி, சாமைக்காடு எல்லாவற்றையும். சென்னையில் நான் கத்தியதைக்கூட விடவில்லை.

"வேற யாரும் இல்லண்ணே. நான்தான் அழிச்சேன். கேக்குதா?"

தட்.

"என்னை மன்னிப்பீங்களா?"

அவரிடம் இருந்தது ஒன்று, அல்லது இரண்டு. எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கழுத்துத் துளை வழியாக அவர் மூச்சு போய்ப் போய் வருவது கேட்டது. பின்னால் அத்தாயி மிளகைக் கிளறிக்கொண்டே அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். நிமிடங்கள் ஓடின. அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.