ஆறு மணிக்குள் படகு

திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகும் லோஞ்ச் படகு ஓட்டுபவன் நான். லோஞ்சிலிருந்து கப்பல் ஏணிக்குப் பாய இப்போது முழங்கால்கள் சம்மதிப்பதில்லை. ஏஜென்சி ஒன்றில், கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கப்பல்களோடு பேசும் வேலை காலியாக இருந்தது. ஆங்கில வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் எனக்கு. தேறாவிட்டால் எனக்கும் முழங்கால்களுக்கும் வீடுதான்.

ஆகவே நரைத்த தலையோடு நஜ்முன் நிஸா டீச்சரின் வகுப்பில் முன் வாங்கில் குந்தினேன். இறந்தகாலம் கடந்தது, நிகழ்காலம் கடந்தது. இன்ன நேரத்துக்குள் ஒன்று முடிந்திருக்கும் என்று சொல்கிற எதிர்காலத்தில் தரைதட்டினேன்.

"சிவரூபன் அண்ணன், ‘ஆறு மணிக்குள் படகு திரும்பியிருக்கும்.' இங்கிலீசில சொல்லுங்க."

"ஆறு மணிக்குள்ள நான் புட்டுச் சாப்பிட்டிருப்பன் எண்டு சொல்லட்டே டீச்சர்?"

"புட்டு வசனம் நேத்தே முடிஞ்சிட்டு. படகைச் சொல்லுங்க."

"ஏலாது."

இலக்கணம் ஏறவில்லை என்று டீச்சர் நினைத்தார். ஏறியிருந்தது. நான் இறக்கக்கண்டி என்ற மீன்பிடி ஊர்க்காரன். கடலுக்குப் போகிற படகு எப்போது திரும்பும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. அது அபசகுனம்; கேட்டுவிட்டால் அன்றைக்குப் படகைக் கடலில் இறக்கமாட்டோம்.

மனைவி பூரணியிடம் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியோடு திரும்பினாள்.

"இனி நீங்கள் கரையில நிக்கப்போற ஆள். உங்களுக்கென்ன?"

"படகில சிந்துஜன் போவானப்பா. வரமுதலே அவன் வந்திட்டான் எண்டு நான் சொல்லுறதே?"

சிந்துஜன் அவளுடைய தம்பி; எனக்குப் பிறகு லோஞ்சை ஓட்டப்போகிறவன். அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"சொல்லுங்கோ," என்றாள். "சொல்லிப்போட்டுச் சும்மா இராதேங்கோ. அவ்வளவுதான்."

பரீட்சை வைத்தவர் ஏஜென்சியின் ஞானசேகரம் ஐயா.

"நான் கப்டன். அவசரம். உங்கள் படகு எத்தனை மணிக்குள் திரும்பியிருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மனதுக்குள் பத்திரகாளி அம்மனைக் கூப்பிட்டேன். அதையும் ஆங்கிலத்தில்தான் செய்யவேண்டுமோ என்று ஒரு சந்தேகம் வேறு.

"பை சிக்ஸ், த போட் வில் ஹாவ் ரிடேர்ன்ட்."

சொல்லிவிட்டேன். அப்படியே விட மனம் வரவில்லை. முழங்கால்களைக் கேளாமலே அடுத்த வசனத்தையும் இறக்கினேன்.

"பை தென், ஐ வில் ஹாவ் பீன் ஸ்டான்டிங் ஒன் த ஜெட்டி ஃபோர் அன் அவர்."

அதற்குள் நான் இறங்குதுறையில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்திருப்பேன்.

ஐயா பேனையை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"கப்டன் உங்களைப் பற்றிக் கேட்கேல்லையே?"

"ஓம் ஐயா. படகு வாறது என்ர கையில இல்லை. நிக்கிறது என்ர கையிலதானே இருக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, யன்னலால் கடலைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வாங்கோ. இறங்குதுறையில நிண்டு பேச, கையில கொண்டுதிரியிற வயர்லெஸ் ஒண்டு எடுத்து வைக்கிறன்."