பிந்தி மூடும் கண்

"சிரிக்குதேடா. சிரிச்சுக்கிட்டே இருக்கிற குழந்தையை எதுக்குத் தூக்கணும்? வேற காட்டு."

"இது பாட்டெல்லாம் பாடுமாம்க்கா."

"அதுவே பாடி அதுவே தூங்கிட்டா நம்ம பட்டாணிக்கு என்ன வேலை? கீழ வை."

தம்பி பாட்டுப் பொம்மையை அலமாரியில் வைத்துவிட்டு, கைபேசியை அடுத்த தட்டுக்கு நேராகப் பிடித்தான். திரையில் அக்காவின் முகம் தலையணையைவிட வெளுத்திருந்தது. குரலில் மட்டும் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாப்பாட்டில் எதையோ கேட்பாள் என்று தம்பி நினைத்தான். அவள் கேட்டது அவனுடைய மூன்று வயது மகள் பட்டாணிக்கு ஒரு கைக்குழந்தைப் பொம்மை. அதுவும் இன்றைக்கே. சாயங்காலம் பட்டாணி வீட்டுக்கு வந்ததும் தன் கையாலேயே கொடுக்க வேண்டும்.

"நாளைக்கு வாங்கலாம்க்கா" என்று தம்பி சொல்லிப் பார்த்தான்.

"நாளைக்கு நான் கொஞ்சம் பிஸி" என்றாள்.

கடைக்காரப் பெண் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். துணி உடம்பு, ரப்பர் தலை. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"தூக்கிப் பிடி. தலை நிக்குதா?"

"இல்லக்கா. தொங்குது."

"அப்படித்தான் இருக்கணும், பிறந்த குழந்தைக்கு. எங்க, படுக்க வை பார்க்கலாம்."

தம்பி பொம்மையை மேசைமேல் வைத்தான். தொப்பென்று சத்தம் கேட்டது.

"டேய், அதென்ன சிமெண்டு மூட்டையாடா?"

கடைக்காரப் பெண் சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொம்மையின் இடது கண் உடனே மூடிக்கொண்டது. வலது கண் மட்டும் மூடாமல் தம்பியையே பார்த்தது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல மெல்ல மூடியது.

"இதுல ஒரு கண்ணு லேட்டா மூடுது சார். வேற பீஸ் தரேன்."

தம்பி அச்சகத்தில் பிழை திருத்துபவன். பிழையைப் பார்த்துவிட்டால் அவனுக்குக் கை அரிக்கும். உடனே பொம்மையைத் திருப்பி நீட்டினான்.

"அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுடா" என்றாள் அக்கா. "தங்கச்சி, எனக்கு அதேதான் வேணும். பெட்டில போட்டுடாதே, மூச்சு முட்டும்."

அந்தப் பெண் பொம்மையை வாங்கிக்கொண்டாள். மெல்லிய தாளில் கழுத்துவரை சுற்றி, முகத்தை வெளியே விட்டுக் கொடுத்தாள்.

பேருந்தில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வருவது தம்பிக்குக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று அக்காவுடையது. வானத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, வீடு மாதிரி பெரிய இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் வைப்பாள். துறைமுகத்தில் அவளுக்குப் பேரே மேலக்கா. தூக்குவது யாருக்கும் வரும், இறக்கி வைப்பதில்தான் ஆளைத் தெரியும் என்பாள். ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் வண்டியிலேயே தூங்கிவிட்டு, திடுக்கிட்டு எழுந்து, "இன்னும் எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க?" என்று மேலே பார்த்துக் கத்தினாராம். அக்கா கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "பின்னாடி திரும்பிப் பாருண்ணே" என்றாளாம். அவர் தூங்கும்போதே பெட்டி ஏறியிருந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போது தம்பிக்குத் தானே அந்தக் கிரேனை ஓட்டியதுபோல் இருக்கும்.

பட்டாணி விஷயத்திலும் அக்கா அப்படித்தான். தோளில் தூங்கிவிடுவாள்; படுக்கையில் போட்டதும் வீல் என்று கத்துவாள். தம்பி போட்டாலும் கத்துவாள், அவன் மனைவி போட்டாலும் கத்துவாள். "அண்ணி, நீங்களே வாங்க" என்று மனைவி கூப்பிடுவாள். அக்கா படுக்க வைத்தால் ஒரு முனகல்கூட இருக்காது.

நாலாவது மாடியில் இருந்த வீட்டுக்கு ஏறி வந்தபோது, துறைமுகத்துக் கைகாட்டி கதவைத் திறந்தார். கீழே நின்று கையால் சைகை காட்டிக் கிரேனை வழிநடத்துவது அவர் வேலை. அக்காவுக்கு இருபது வருடமாக அவர்தான் கண். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். இவ்வளவு நேரம் அக்காவுக்குக் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவர்தான்.

அக்கா பொம்மையை வாங்கித் தாளைப் பிரித்தாள். கை நடுங்கியது. பொம்மையைத் தோளில் சாய்த்ததும் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நல்லா பார்த்துக்க. முதல்ல குண்டி. அப்புறம் முதுகு. தலை கடைசில." பொம்மையைத் தன் பக்கத்தில் இறக்கினாள். "கையை உடனே உருவிடக் கூடாது. பாரம் பூரா மெத்தைக்குப் போச்சான்னு கையே சொல்லும். சொன்னப்புறம்தான்."

கை வெளியே வந்தது. பொம்மையின் இரண்டு கண்களும் ஒன்றாக மூடியிருந்தன.

தம்பி வாங்கிச் செய்து பார்த்தான். வலது கண் விழித்துக்கொண்டது. இன்னொரு முறை செய்தான். அப்போதும் விழித்தது.

"ரெண்டும் டக்குனு மூடிக்கிட்டா அதுல என்னடா இருக்கு? இது கொஞ்சம் அடம். பட்டாணிக்குச் சரியா இருக்கும். இனிமே படுக்க வைக்கிற வேலை அவளுது. உன்னை நம்ப முடியாது."

கைகாட்டி இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"யோவ், இன்னும் ஷிப்ட் முடியல. சாயங்காலம்தான்" என்று அக்கா சிரித்தாள்.

அவளுக்குக் கைகால் துடைத்துவிடத் தம்பி வெந்நீர் வைக்கப் போனான். கைகாட்டி வெளியே நின்று காற்று வாங்கினார். தம்பி பாத்திரத்தோடு திரும்பியபோது, அக்கா மறுபடியும் பொம்மையைப் படுக்க வைத்திருந்தாள். அவளும் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை பொம்மையின் தலைக்கடியில் இருந்தது. பாரம் மெத்தைக்குப் போகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தான். சத்தம் போடாமல் அவனும் காத்திருந்தான்.

வெந்நீரில் ஆவி அடங்கிவிட்டது. கைகாட்டி உள்ளே வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தம்பிதான் அவள் கையை உருவினான். எவ்வளவோ மெதுவாகத்தான். பொம்மையின் வலது கண் திறந்துகொண்டது.

செய்தி கேட்டு மனைவி பட்டாணியைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். துறைமுகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாடிப்படி குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் யாருடைய சைக்கிளோ பூந்தொட்டியோ இருந்தது. அக்காவை எப்படி இறக்குவார்கள் என்று தம்பி படிகளை எட்டிப் பார்த்தான். கைகாட்டி முன்னால் போய், அக்காவைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் படி இறங்கினார். ஒரு விரல் அசைந்தால் இடது பக்கம் உயர்ந்தது. உள்ளங்கை தாழ்ந்தால் எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள். கைவிரல்களை மடக்கினால் நின்றார்கள். "பார்த்து, பார்த்து" என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவுகளைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் சுவரோரம் ஒதுங்கினார்கள். நாலு மாடி இறங்கி முடிக்கும்வரை அக்காவின் நெற்றி முடி ஒன்றுகூடக் கலையவில்லை. அக்கா இருந்து பார்த்திருந்தால் யாரையாவது செல்லமாகத் திட்டியிருப்பாள்.

கீழே அமரர் ஊர்தி ஓட்டி வந்தவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்றார்.

அன்று முழுக்க வாயே திறக்காத கைகாட்டி சொன்னார்: "பின்னாடி திரும்பிப் பாருப்பா."

எல்லாம் முடிந்து, மறுநாள் மத்தியானம் பட்டாணியை அழைத்து வந்தார்கள். அத்தை இனி வரமாட்டாள் என்று அவளுடைய அம்மா வழியிலேயே சொல்லியிருந்தாள். பொம்மையைத் தம்பிதான் கொடுத்தான்.

"அத்தை வாங்கினது."

பட்டாணி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். முதுகில் தட்டிக் கொடுத்தாள். காலியாகக் கிடந்த கட்டிலில் ஏறி அதைப் படுக்க வைத்தாள். தொப்பென்று சத்தம். குனிந்து பார்த்தாள். மறுபடி தூக்கினாள், தட்டினாள், வைத்தாள்.

தம்பி அச்சகத்திலிருந்து வந்த தாள்களை மடியில் பரப்பி, முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். பட்டாணி அந்தத் தாள்களின்மேல் பொம்மையை வைத்தாள். அதன் தலை அவன் முழங்கையில் சரிந்தது. ஒரு கண் அவனைப் பார்த்தது.

"அப்பா, இது தூங்க மாட்டேங்குது. நீ படுக்க வைப்பா. அத்தை மாதிரி. முழிச்சுக்காம."